மணிக்கு முப்பது ரூபாய் அடுப்பு

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து, லாட்ஜ் மொட்டைமாடியில்
ஆறு அடுப்பு வைத்திருக்கிறேன் வாடகைக்கு.
மூன்றாவதில் மால்டா ரெஹானாவின் மீன் கொதிக்க
நான்காவதைக் கேட்டு வந்தாள் ஒர்னெல்லா.
வாணியம்பாடிக்கு இந்தப் பக்கம் பைக்கோடு சரிந்து
தொடையில் கம்பி வைத்துக் கிடக்கிறான் புருஷன்.
நாலு நாளாய் அவன் வாயில் ஒரே வார்த்தையாம்:
பொலெந்தா.

அரைக்கிலோ மக்காச்சோள மாவு.
கோழிக்கா என்று கேட்டுவிட்டுத்தான்
கடைக்காரன் நிறுத்துக் கொடுத்தானாம்.
தண்ணீர் தளதளத்ததும் உப்பு.
இடது கையால் தூவி வலது கையால் கிண்டினாள்,
கட்டி தட்டாமல், ஒரே திசையில்,
முக்கால் மணி நேரம்.
எனக்குச் சிரிப்பு.
இதற்கா இவ்வளவு பெரிய பேர்?
அடியே, இது களி.

அவள் ஊர்ப் பள்ளியில் லத்தீன் நடத்துகிறவள்.
கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்:
சொல் பழசு, சோளம் புதுசு.
முதலில் அந்தப் பேர் வறுத்த பார்லிக்கு.
பிறகு தினைக்கு, பஞ்சத்தில் காட்டுக்கொட்டை மாவுக்கு.
பார்லி போனது, பானை இருந்தது,
பானையோடு பேரும்.
கடல் தாண்டி மஞ்சளாய் ஒன்று வந்து
அட்வான்ஸ் கூடக் கொடுக்காமல் உள்ளே குடியேறிவிட்டது.
வந்ததற்கு அவர்கள் வைத்த பேர் துருக்கித் தானியம்.
துருக்கியிலிருந்து வரவில்லை.
நாங்கள் மக்கா என்கிறோம், என்றேன்.
ரெஹானா மீன்கரண்டியோடு திரும்பினாள்:
அங்கேயிருந்தா?
இல்லம்மா.
ஊர் கேட்காமலே நாமாக எழுதிக்கொண்ட விலாசம்.

ஐந்தாவதில் மகனுக்கு உப்பில்லாக் கஞ்சி வைத்த
ஏகாம்பரம், செய்யாற்றில் அச்சுக்கோத்தவர்,
விடுவாரா?
பொலம் என்றால் பொன்.
களத்தில் நெல் அளக்கும்போது பொலி, பொலி என்போம்.
பொலிந்தது, பொலிந்தா, பொலெந்தா.
போனது நம்ம சொல்லும்மா!
பானையின் மஞ்சளைப் பார்த்தால்
நம்பத்தான் தோன்றியது.
ஒர்னெல்லா பொலி, பொலி என்று சொல்லிப்பார்த்தாள்.
அழகு, ஆனால் இல்லை, என்றாள்.
அவள் லத்தீனில் அது மாவு வழி வந்ததாம்,
பூவின் தாதுக்கும் அதே வீட்டுப் பேராம்.
ஏகாம்பரத்துக்கு
அழகு என்ற பாதியே போதுமாயிருந்தது.

வடக்கத்திக்காரி அவள், பெர்காமோ.
தெற்கே போனால் பொலெந்தோனே என்பார்களாம்,
களிமூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கிண்டுவதும் கிண்டலும்
அங்கேயும் ஒட்டுச்சுவர் வீடுதான்.

கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன்.
தொரப்பாடி, ஜெயில் வார்டர் குவார்ட்டர்ஸில் பிறந்தவள் நான்.
கிளாசில் எவன் பென்சில் திருடினாலும்
களி துன்னப் போறியாடா என்று அவனைக் கேட்டுவிட்டு
எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.
வீட்டில் ராத்திரி நாங்கள் தின்றதும்
கேவுரு களிதான், கருவாட்டுக் குழம்போடு.
சுவருக்கு அந்தப் பக்கம் அது தண்டனை.
இந்தப் பக்கம் அப்பா
இன்னொரு உருண்டை வை என்பார்.
களி என்றால் சந்தோஷமும்மா, என்றார் ஏகாம்பரம்,
குரலைத் தாழ்த்தி.
இந்த முறை அவர் சொன்னது சரி.

பலகையில் கவிழ்த்தோம்.
கத்தி வேண்டாம், நூல் என்றாள்.
தலையிலிருந்த மல்லியை உதிர்த்து
நாரைக் கொடுத்தால் அறுந்தது.
ரெஹானா ஊசிநூல் தந்தாள்.
அடியில் செருகி மேலே இழுக்க
சுத்தமாய் விழுந்தது துண்டு.

வார்டு வாசலில் செக்யூரிட்டி
டிபன்பாக்ஸைத் திறக்கச் சொன்னான்.
இன்னாம்மா இது?
நான் வாயெடுப்பதற்குள் ஒர்னெல்லா சொன்னாள்:
கலி.
ளகரத்துக்கு அவள் நாக்கு மடியவில்லை.
அவனுக்குப் புரிந்துவிட்டது, விட்டான்.

ஒன்றரை மணி நேரம். நாற்பத்தைந்து ரூபாய்.
கறாராய் வாங்கிக்கொண்டேன்.
பானையடியில் பிடித்ததைச் சுரண்டி
நானும் ரெஹானாவும் தின்றோம்.
நமக்கு அது காந்தல்.
அவள் ஊரில் அதற்கும்
ஒரு பேர் இருக்கும்,
கேட்க மறந்துவிட்டேன்.